நாய் படமும் நங்கை கேட்ட கேள்வியும்

கொஞ்சம் நீளமான பதிவு. கம்பெனி வேலை நேரத்தில் படிக்க வேண்டாம். சாயங்காலம் டீ குடிக்கும்போது படியுங்கள்.

ஆசிரியர் தினத்தன்று பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். இன்றைக்குத் திருப்பூரில் சொந்தமாகப் பிரிண்டிங் பட்டறை வைத்து இருபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். பழத்தோடு ஒரு பனியனும் கொண்டுவந்திருந்தான். "ஆர்டர்ல மிச்சமான சாம்பிள் பீஸுங்க டீச்சர், வீட்ல போட்டுக்குங்க" என்றான். விரித்துப் பார்த்தால் நெஞ்சு முழுக்க ஒரு நாயின் போட்டோ. மஞ்சள் மழைக்கோட்டு போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி, பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று யோசிக்கிற மாதிரி ஒரு பார்வை. முப்பது வருடத்தில் பள்ளி ஆய்வுக்கு வந்த எத்தனையோ அதிகாரிகள் முகம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

அந்தப் பனியனைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ராத்திரி எங்கள் நங்கையிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ஏனுங் அம்மணி, நாயைப் பாத்தா உங்களுக்குச் சிரிப்பு வருதுங்களா?" அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

சொந்தக்காரர்களுக்குக் காரணம் தெரியும். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அண்ணனும் நங்கையும் வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார்கள். போன தை மாதம் ஒரே ராத்திரியில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஒன்பது உருப்படியைக் கடித்துப் போட்டுவிட்டன. தின்னக்கூட இல்லை. கழுத்தைக் கடித்து அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டன. அதில் மூன்று சினை ஆடு. விடிகாலையில் படலைத் திறந்தது நங்கைதான்.

இரண்டு நாள் நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது? 'சும்மா விளையாட்டுக்குப் போட்டேன்' என்று சொல்லிவிடலாம். ஆனால் கேள்வி அதற்கு மேலே என்று பட்டது. அதனால், பழைய பழக்கம், இந்த நாய் படம் எடுக்கிற வேலையெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். நங்கைக்கும் இது பதில்தான்.

முதலில் மாணவனின் பட்டறைக்குப் போனேன். இத்தனை வருடம் திருப்பூரில் இருந்தும் பனியனில் போட்டோ எப்படி விழுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கம்ப்யூட்டரில் படத்தை நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். செப்பரேஷன் என்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிலிம், ஒவ்வொரு பிலிமுக்கும் ஒரு ஸ்கிரீன். நீளமான டேபிளில் வெட்டின பிட்டுகளை வரிசையாக ஒட்டி, ஸ்கிரீனை வைத்து மையை இழுத்துக்கொண்டே போகிறார்கள். மஞ்சள் இழுத்தபோது ஒன்றும் புரியவில்லை. அடுத்தடுத்த நிறம் விழுந்தபோது ஏதோ மூட்டை மாதிரி இருந்தது. கடைசியில் கருப்பு விழுந்தது. கண் வந்துவிட்டது. கோயிலில் சிலைக்குக் கண் திறக்கிற மாதிரி. டேபிள் நெடுக நாற்பது நாய்கள் என்னைப் பார்த்தன.

"இது வெளிநாட்டு பையர் குடுத்த டிசைனுங்க டீச்சர். மனுசன் துணி போட்ட நாய் படம்னா அங்க நல்லா ஓடுதுங்க. நாய்க்கே பனியன் தைக்கிற ஆர்டர்கூட வருதுங்க" என்றான்.

மனிதத் துணி போட்ட நாயைப் படம் எடுத்து அதைக் கலை என்று உலகத்தை ஒத்துக்கொள்ள வைத்தவர் வில்லியம் வெக்மன் என்ற அமெரிக்கர். 1943-இல் பிறந்தவர். அவரும் வாத்தியார் வேலை பார்த்தவர்தான், கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். 1970-இல் கலிபோர்னியாவில் இருக்கும்போது ஒரு நாய்க்குட்டி வாங்கினார். வைமரனர் என்ற ஜெர்மன் வேட்டைநாய் இனம். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம், வெளிறிய கண், தொங்கும் காது. அந்தக் காலத்துப் பெரிய போட்டோ கலைஞர் மேன் ரேயின் பெயரையே குட்டிக்கு வைத்துவிட்டார். அப்போது அந்த மேன் ரே உயிரோடுதான் இருந்தார்!

வெக்மன் நாயைப் படம் எடுக்க வேண்டும் என்று நினைத்து வாங்கவில்லை. ஸ்டுடியோவில் அவர் வேறு எதையாவது படம் எடுத்தால் குட்டி குறுக்கே வந்து நிற்கும். கட்டிப்போட்டால் ஊளையிடும். சரி, நீயும் நில்லு என்று நிற்க வைத்தார். நின்றது. மணிக்கணக்கில் நின்றது. வேலை கொடுத்தால் அதற்குச் சந்தோஷம். வகுப்பில் சில பிள்ளைகள் இப்படி உண்டு. படிக்கச் சொன்னால் வராது, கரும்பலகை துடைக்கச் சொன்னால் முதல் ஆளாக நிற்கும்.

1979 முதல் வெக்மனுக்குப் போலராய்டு கம்பெனியின் மிகப் பெரிய கேமரா ஒன்று பயன்படுத்தக் கிடைத்தது. 20 அங்குலத்துக்கு 24 அங்குலம் படம் தரும். கேமராவே 100 கிலோவுக்கு மேல். உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் செய்தார்கள். எடுத்த படம் ஒன்றிரண்டு நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் உடனே இன்னொன்று. அந்தக் கேமராவில் மேன் ரேயை என்னென்னவாகவோ ஆக்கினார். 1981-இல் முகத்தில் ஒரு சாக்ஸை மாட்டி யானை ஆக்கினார். சாக்ஸ் தும்பிக்கை ஆகிவிட்டது. பின்னலாடை ஊர்க்காரியான எனக்கு இந்தப் படம் ரொம்பப் பிடித்தது. இன்னொன்றில் தவளை. மற்றவர்கள் என்றால் நாய் வெட்கப்படுகிற மாதிரி ஆகிவிடும். இந்த நாய் முகத்தில் 'நான் யானைதான், அதற்கென்ன' என்ற நிதானம்.

மேன் ரே 1982-இல் இறந்தது. நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை அந்த ஆண்டின் மனிதர் என்று அதைத் தேர்ந்தெடுத்தது. வெக்மன் சில வருடம் வேறு நாய் வளர்க்கவில்லை. 1986-இல் ஃபே ரே என்ற பெண் நாய் வந்தது. அது குட்டிகள் போட்டது, குட்டிகளும் படத்தில் நின்றன. நாயை உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து, கழுத்திலிருந்து தரை வரைக்கும் மனிதத் துணியைத் தொங்கவிடுவார். பின்னால் ஒரு ஆள் ஒளிந்துகொண்டு தன் கையைச் சட்டைக் கைக்குள் நீட்டுவார். பார்த்தால் நாய்த்தலை வைத்த ஆறடி மனுஷி நிற்பாள். 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் நிகழ்ச்சியில் இந்த நாய்கள் எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தன. தொடக்கப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நியூயார்க்கில் சுரங்க ரயில் ஓடுகிறது. 1904-இலிருந்து ஓடுகிறது. பல ஸ்டேஷன்களில் சுவரில் கலைப்படைப்புகள் வைத்திருக்கிறார்கள். 23-ஆவது தெரு ஸ்டேஷனைச் சில மாதம் மூடிப் பழுதுபார்த்து 2018 நவம்பர் இறுதியில் திறந்தபோது, சுவரில் 11 நாய் உருவங்கள் இருந்தன. வெக்மனின் ஃப்ளோ, டாப்பர் என்ற இரண்டு நாய்களின் போட்டோக்களைக் கண்ணாடித் துண்டுகளால் மொசைக்காகச் செய்து பதித்திருந்தார்கள். செய்து கொடுத்தது ஜெர்மனியின் மியூனிக் நகரத்திலுள்ள 'மேயர்' என்ற பழைய பட்டறை. போட்டோவை நிறம் நிறமாகப் பார்த்துத் துண்டு துண்டாக ஒட்டுகிறார்கள். எனக்கு என் மாணவனின் டேபிள்தான் ஞாபகம் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நாய்களுக்கு ராஜா வேஷம் கோமாளி வேஷம் எதுவும் போடவில்லை. மழைக்கோட்டு, கட்டம் போட்ட சட்டை, ஜாக்கெட். அதாவது அந்த ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிற ஜனங்கள் போடுகிற அதே துணி. சில நாய்கள் ரயில் வருகிற பக்கம் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கின்றன. நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை அந்த வழியாக வேலைக்குப் போகிறவர். எனக்காக இறங்கிப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு படத்தில், சுவரில் நாய். பக்கத்தில் அதே மாதிரி கோட்டு போட்ட ஒரு பெரியவர். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், ஒரே அலுப்பு. "அத்தை, ட்ரெயின் லேட்டானா இங்க யாரும் கத்தறதில்ல, நாயைப் பாத்துட்டு நிக்கறாங்க" என்று எழுதியிருந்தார். அவர் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம்; எந்த ஊரிலும் ரயில் தாமதமானால் ஜனம் கத்தத்தான் செய்யும்.

வெக்மனுக்கு முன்பே நாய்க்குச் சட்டை போட்டவர்கள் உண்டு. பென்சில்வேனியாவில் ஹாரி விட்டியர் ஃப்ரீஸ் (1879–1953) என்று ஒருவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூனைக்குட்டி, நாய்க்குட்டிகளுக்குக் கவுன் போட்டு, துணி காயப்போடுவது போலவும் பியானோ வாசிப்பது போலவும் நிற்க வைத்துத் தபால் அட்டை படங்கள் எடுத்தார். துணியை அவருடைய அம்மாதான் தைத்துக் கொடுப்பாராம். அன்றைய கேமராவுக்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது குட்டி அசையாமல் இருக்க வேண்டும். நமக்கு அது கண் சிமிட்டும் நேரம், நாய்க்குட்டிக்கு அது ஒரு யுகம். எடுத்ததில் பெரும்பகுதி வீண். வருடத்தில் மூன்று மாதம்தான் இந்த வேலை செய்வாராம், அதற்கு மேல் நரம்பு தாங்காது. என் சொந்த அபிப்பிராயம், இந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. குட்டிகளின் முகத்தில் 'எப்போது விடுவீர்கள்' என்பதுதான் தெரிகிறது. துணியைப் பார்த்துச் சிரிக்கலாம், நாயைப் பார்த்தால் சிரிப்பு வராது.

எலியட் எர்விட் வேறு ரகம். பாரிஸில் 1928-இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்து, 2023 நவம்பரில் 95 வயதில் இறந்த பெரிய போட்டோகிராபர். அவர் நாய்க்கு வேஷம் போடவில்லை. தெருவில் குனிந்தார், அவ்வளவுதான். 1946-இல் நியூயார்க்கில் எடுத்த படம் ஒன்று: செருப்பு போட்ட ஒரு பெண்ணின் இரண்டு கால், பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு சின்னஞ்சிறு நாய். பெண்ணுக்கு முகம் கிடையாது. முகம் நாய்க்கு மட்டும்தான். 1974-இல் எடுத்தது இன்னும் பிரபலம். தொப்பி போட்ட குட்டி நாய், அதன் பக்கத்தில் பூட்ஸ் போட்ட பெண்ணின் கால்கள், அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நீளமான கால்கள். அந்தக் கால்கள் ஒரு பெரிய டேன் நாயுடையவை என்று புரிய ஒரு கணம் ஆகும். புரிந்ததும் சிரிப்பு வரும். நாய்களின் கவனத்தை இழுக்கச் சின்ன ஹாரன் ஒன்றை வைத்துக்கொண்டு ஊதுவாராம்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் வீடுகளிலும் நாய் படம் இருந்தது. 'நாய் மார்க்' ரெக்கார்டு என்றால் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாய். அதன் பெயர் நிப்பர். இங்கிலாந்தில் 1884-இல் பிறந்து 1895-இல் செத்துப்போன நிஜ நாய். அதை வளர்த்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் பாராட் என்ற ஓவியர், அது செத்து மூன்று வருடம் கழித்து நினைவிலிருந்து அதை வரைந்தார். முதலில் வரைந்தபோது வேறு கருவிதான் இருந்தது. 1899-இல் கிராமபோன் கம்பெனி, தங்கள் கருவியை அதன்மேல் மாற்றி வரைந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றது. படத்துக்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன். அந்த நாய் உலகம் பூராவும் சுற்றியது. அமெரிக்காவில் ஆல்பனி என்ற ஊரில் ஒரு கட்டட உச்சியில் அதற்கு ஆள் உயரத்தைப் போல ஐந்து மடங்கு பொம்மை உட்கார்ந்திருக்கிறது. இங்கே எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதத் தட்டின் நடுவிலும் அதே நாய். பெருமாளுக்கு எதிரில் நாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. தட்டு சுற்றும்போது நாயும் தலைகீழாகச் சுற்றும். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சிரிப்போம்.

இன்னும் பின்னால் போனால் கல்லிலேயே நாய் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று. ஏறக்குறைய 1400 வருடம் ஆகிறது. எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்த வீரனுக்கு எடுத்த கல். வீரன் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாய்க்குப் பெயரும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதியிருக்கிறது. ராஜாக்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்வது சாதாரணம். ஊர் நடுவே நிறுத்தும் கல்லில் ஒரு நாயின் உருவமும் பெயரும் வரவேண்டுமென்றால் அந்த ஊர் ஜனங்கள் அதை எவ்வளவு மதித்திருக்க வேண்டும்! விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு கல் இருக்கிறது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

2005-இல் நம் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு முத்திரை வெளியிட்டது. அதில் நம் ராஜபாளையம் நாயும் ஒன்று. 2022-இல் மானாமதுரைப் பக்கம் ஒரு பெரியவர் இறந்துபோன தன் நாய்க்குப் பளிங்குச் சிலை வைத்துக் கோயிலே கட்டிய செய்தியைப் படித்திருப்பீர்கள்.

சரி. நங்கை கேட்டதற்கு வருகிறேன்.

எடுத்தனூர்க் கல்லைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. அங்கே மந்தையைக் காத்த நாய். இங்கே மந்தையைக் கடித்த நாய். கடந்த இரண்டு மூன்று வருடமாகக் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் இதே கதை. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்தார்கள். பிறகு அரசு இழப்பீடு அறிவித்தது. பணம் வரும், சினை ஆடு வராது. கோழிக்கழிவை ரோட்டோரம் கொட்டுகிறார்கள், வளர்த்த நாயை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டுப்பக்கம் இறக்கிவிடுகிறார்கள். ரத்த ருசி கண்ட நாய்கள் கூட்டமாகச் சேர்ந்தால் என்ன ஆகும்?

கடிபட்ட பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனை நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினமும் ஊசி போட்டுக்கொண்டு மத்தியானம் பள்ளிக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த மருந்து குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தயாரானது. அந்த நிறுவனமே 1902-இல் ஒரு பெண் வெறிநாய்க்கடியில் இறந்ததை அடுத்து, 1907-இல் வந்ததுதான். (இப்போது தொப்புள் ஊசி கிடையாது, கையில்தான். கடித்தால் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். டீச்சர் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஆகவே நங்கை கேட்டது நியாயம். என்னிடம் அதற்குத் தயார் பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கே போய்விட்டேன். பனியனை எடுத்துப் போகவில்லை.

பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் 1969-க்குப் போனது. எங்கள் அத்தை கல்யாணம். காங்கயத்திலிருந்து போட்டோகிராபர் வந்தார். மூன்று கால் ஸ்டாண்டு, கருப்புத் துணி. அப்பாரு, ஆத்தா, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் நாற்காலியில். பிள்ளைகள் தரையில். எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் பட்டி நாய் கருப்பன் நேராக வந்து முன்வரிசையில் நடுவே உட்கார்ந்துகொண்டது. விரட்டினார்கள், போய்விட்டு வந்தது. மறுபடி விரட்டினார்கள், மறுபடி வந்தது. மூன்றாம் தடவை போட்டோகிராபரே, "உட்டுருங்க, அதுவும் ஊட்டு ஆளுதானே" என்று சொல்லிவிட்டார்.

படம் வந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கி, கண்ணை முழித்து, போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி இருக்கிறோம். அத்தை அசைந்து பாதி முகம் கலங்கிப் போயிருக்கிறாள். கருப்பன் மட்டும் தலையை லேசாகச் சாய்த்து, மீசை வைத்த அப்பாரு எப்படி உட்காருவாரோ அப்படியே உட்கார்ந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறது. மாப்பிள்ளை அதுதான் என்று சொல்லலாம். சட்டம் போட்டு ஆசாரத்தில் மாட்டினார்கள். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதன் முன் நின்று முதலில் கருப்பனைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் அப்புறம் மற்றவர்களை விசாரிப்பார்கள். பால்காரர், மணியகாரர், கூலிக்கு வருகிறவர்கள், எல்லோரும். நியூயார்க் ஸ்டேஷன் சுவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த ஆசாரத்துச் சுவர்தான் கண்ணில் வந்தது.

நங்கை கல்யாணமாகி வந்தபோது கருப்பன் இல்லை. படம் இருந்தது. இருபது வருடம் அதைத் துடைத்தது அவர்தான். நான் பேச்சை ஆரம்பித்ததும், "ஆமாங் அம்மணி, அது மாமனாருக்கு அண்ணன் மாதிரியே இருக்கும்" என்று சிரித்துவிட்டார். தை மாதத்துக்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கருப்பன் இருந்திருந்தா ஒரு குட்டி போயிருக்காதுங்க" என்றார். அண்ணன் மிச்ச ஆடுகளையும் விற்றுவிடலாம் என்கிறார். நங்கை ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல காவல் குட்டி ஒன்று கிடைத்தால் பட்டியில் வளர்க்கலாம் என்கிறார். பெயர்கூட முடிவாகிவிட்டது. நான் கோவிவன் என்றேன். "அதெல்லாம் கூப்புட வாயில வராதுங்க, கருப்பன்தான்" என்று சொல்லிவிட்டார். செவலைக் குட்டி வந்தாலும் கருப்பன்தானாம்.

இப்போது இரண்டு உதவி கேட்கிறேன். ஓட்டு வீட்டை இடித்து மச்சு வீடு கட்டியபோது அந்தப் படம் காணாமல் போய்விட்டது. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். மூலனூர்ச் சொந்தங்களே, பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் தேடிப் பாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும். பிரிண்டிங் பட்டறைக்காரன் அதைப் பெரிதாகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

இன்னொன்று, நாட்டு நாய்க் குட்டி. ஆடுகளோடு பழகிய தாய் போட்ட குட்டியாக இருக்க வேண்டும், தடுப்பூசி நாங்கள் போட்டுக்கொள்கிறோம். பல்லடம், காங்கயம், மூலனூர்ப் பக்கம் யாரிடமாவது இருந்தால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள், அண்ணன் வண்டியோடு வந்து எடுத்துக்கொள்வார்.